விரலுக்கு வேலையில்லை

வியன்னாவிலிருந்து அன்றுதான் பிரபுவின் மாளிகைக்கு வந்திருந்த இக்னாஸ், செல்லோ என்னும் பெரிய வயலின் வாசிப்பவன், இசையமைப்பாளன் வென்சல் எழுதித் தந்த தன் இசைத்தாளைப் பார்த்ததும் முகம் சுளித்தான்.

"என்னய்யா வென்சல், மத்த மூணு பேருக்கும் மழையா சுரம் எழுதியிருக்க. எனக்கு மட்டும் நாலே நாலா? இடது கையால ஒரு தந்தியக்கூட அழுத்த வேணாமா?"

"வேணாம். வில்லை இழுத்தாப் போதும்."

"எழுதச் சொன்ன பிரபு இதக் கேட்டா நம்மளத் தொரத்திடுவாரு."

"அவர நெனச்சுத்தான் எழுதினேன்."

சாயங்காலம் பிரபு வந்ததும் வென்சல் இக்னாஸை அவன் நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, அதைப் பிரபுவுக்குக் காட்டினான்.

"போருக்குப் போறதுக்கு முன்னால நீங்க தினமும் வாசிப்பீங்களாமே."

பிரபு தாளை வெகுநேரம் பார்த்தார். உட்கார்ந்து, செல்லோவை முழங்கால்களுக்கிடையே இடுக்கி, வலது கையில் வில்லை வாங்கினார்.

அவர் கோட்டின் இடது கை, காலியாக மடித்து ஊசி குத்தியிருந்தது.