ராசியான பெஞ்சு

ஒக்லஹோமாவின் கல்லூரி மைதானம் ஒன்றில் ஒன்பதில் எட்டுச் சுற்று முடிந்திருக்கிறது. ரட்லெட்ஜ் வீசிய பந்தை எதிரணியில் ஒருவன்கூட உருப்படியாக அடிக்கவில்லை. ஆகவே பேஸ்பால் வழக்கப்படி, ஆட்டம் முடியும்வரை அவனோடு யாரும் பேசக்கூடாது; பேசினால் ராசி போய்விடும். கூரை போட்ட பெஞ்சின் ஒரு கோடியில் அவன் மட்டும். மறுகோடியில் மொத்த அணியும் நெருக்கியடித்துக்கொண்டு சூரியகாந்தி விதை கொறித்துத் துப்புகிறது. சாய்ந்த வெயில் அவன் வலது முழங்கையில் விழுகிறது. சற்றுமுன் வீசிய கடைசிப் பந்தில் முழங்கைக்குள் ஏதோ அறுந்தது. சுண்டுவிரல் மரத்துக் கிடக்கிறது. “கோல்பி, இங்க வாடா. கை...” என்கிறான். அவன் வீச்சைப் பிடிக்கும் கோல்பி காதைப் பொத்திக்கொள்கிறான். “ஐயோ, பேசிட்டான்! எவனும் பதில் சொல்லாதீங்கடா!” “விளையாடலடா. நெசமாவே கை போச்சு.” “கூரைய பாருங்கடா, என்ன அழகு!” என்கிறான் கோல்பி. பெஞ்சே கூரையைப் பார்க்கிறது. ஐஸ் பையோடு வந்த அணி வைத்தியர் பாதி வழியில் மரியாதையாகத் திரும்பிப் போகிறார். வலைக்குப் பின்னால், பெரிய அணிகளுக்கு ஆளெடுக்க வந்தவர்கள் பந்தின் வேகத்தை அளக்கும் கருவியைத் தூக்குகிறார்கள். நடுவர் கூப்பிடுகிறார். ரட்லெட்ஜ் பந்து வீசும் மேட்டில் ஏறி, இடக்கை உறையைக் கழற்றுகிறான். அந்தக் கையால் வலக்கை விரல்களை ஒவ்வொன்றாகப் பந்தின்மேல் மடக்கி வைக்கிறான். எதிரே குந்தியிருக்கும் கோல்பி, முகத்தைப் பார்க்காமல், இன்னும் வேகமாகப் போடச் சொல்லிச் சைகை காட்டுகிறான்.