எடுத்துக் கொடுக்காத வரி

கடைசி வரிக்கு முன்னால் அண்ணன் நின்றுவிட்டார்.

மேடையின் நடுவில் ஒரு மரக்கதவு மட்டும் இருந்தது. அதன் தாழ்ப்பாளில் கை வைத்தபடி, விளக்கின் வட்டத்துக்குள் அவர் அசையாமல் நின்றார். ஒருவரே பேசி நடிக்கும் பத்து நிமிட நாடகம். ஒன்பதரை நிமிடம் முடிந்திருந்தது.

பக்கத்திரைக்குப் பின்னால், முக்காலியில் அமர்ந்திருந்த தங்கையின் மடியில் நாடகப் பிரதி திறந்திருந்தது. நடிகர் வரியை மறந்தால், கூட்டத்துக்குக் கேட்காமல் எடுத்துக் கொடுப்பது அவளது பணி. அவர் வேண்டுமென்றே நிறுத்தும் இடங்களில் பென்சிலால் சிறு கோடு போட்டு வைத்திருந்தாள். கோடு இருக்கும் இடத்தில் வாய் திறக்கலாகாது.

இங்கே கோடு இல்லை.

பிரதியை எழுதியவளும் அவளே.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில், நடிகர் தேர்வுக்கு அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது, அண்ணன் அறைக்கதவை வெளியிலிருந்து தாழிட்டார். அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வரப் போனவர், தாமே தேர்வாகித் திரும்பி வந்தார். அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் மூச்சு விட்டதில்லை.

கடைசி வரி இதுதான்: “வெளியில தாழ்ப்பாளப் போட்டது நான்தான்.”

அவர் வாயால் அதை ஒரே ஒரு முறை கேட்டுவிட வேண்டும். அதற்காகவே மற்ற ஒன்பதரை நிமிடத்தையும் எழுதினாள். ஒத்திகைகளில் அவரோ, “கடைசி வரிய மேடையில பாத்துக்கலாம்” என்று கையை உதறிவிட்டு, தேநீர் குடிக்கப் போய்விடுவார்.

எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதை அவளே அவருக்கு ஊட்டிவிடுவதா?

உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அண்ணன் மெல்லத் திரும்பிப் பக்கத்திரையைப் பார்த்தார். வரி மறந்தவரின் கண் எப்படி அலைபாயும் என்பது அவளுக்கு நன்கு தெரியும். அந்தக் கண் அலைபாயவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

விளக்கு அணைந்தது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

முன்வரிசையில் இருந்த விமரிசகர் மூச்சு வாங்க மேடைக்குப் பின்னால் வந்துவிட்டார். “சொல்லாம விட்டீங்க பாருங்க, அங்கதான் சார் நாடகமே இருக்கு! யாரோட யோசனை அது?”

“என்னோடதுதான்” என்றார் அண்ணன், கழுத்தைத் துடைத்தபடி.

அந்த வரியைப் பிரதியில் அடித்துவிடும்படி இயக்குநரும் அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்ததும் அவள் மெதுவாகக் கேட்டாள். “மறந்துபோச்சாண்ணா?”

“மறக்குறதுக்கு நான் என்ன கிழவனா? நாலு பேர் முன்னாடி என்னைக் கால்ல விழ வெச்சு வேடிக்க பாக்கலாம்னுதானே எழுதின? ஓரத்துல உக்காரச் சொன்னா உக்காரு. அதுக்கு மேல ஆட்டம் போடாத.” வியர்வையில் நனைந்த மேடைச் சட்டையைக் கழற்றி அவள் மேல் எறிந்தார். “இதக் காயப்போடு. அடுத்த ஷோவுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி எழுப்பு.”

“சரிண்ணா” என்றாள் அவள்.

அவர் ஒப்பனை அறையில் பெஞ்சின் மீது காலை நீட்டிப் படுத்தார். படுத்ததும் குறட்டை விடும் வரம் பெற்றவர்.

அடுத்த காட்சிக்கு முதல் மணி அடித்தது. இரண்டாவதும் அடித்தது. இயக்குநர் ஓடி வந்தார். “உங்கண்ணன் எங்கம்மா?”

“அண்ணனுக்குக் காய்ச்சல் சார்.”

அவள் உடம்பில் அந்த ஈரச் சட்டை இருப்பதை இயக்குநர் அப்போதுதான் கவனித்தார். அரங்கம் நிரம்பியிருந்தது. திரை ஏறத் தொடங்கிவிட்டது.

அவள் எங்கும் தடுமாறவில்லை.

ஒன்பதாவது நிமிடத்தில், மேடைக்குப் பின்னால் எங்கோ ஒரு கதவு தட்டப்படும் ஓசை எழுந்தது. முதலில் ஒன்றிரண்டு தட்டல். பிறகு கதவே பெயர்ந்துவிடும்போல் இடைவிடாத இடி.

“சவுண்ட் எஃபெக்ட் பிரமாதம்ல!” என்று முன்வரிசையில் யாரோ வியந்தது மேடைவரை கேட்டது.

பக்கத்திரைக்குப் பின்னால் முக்காலி காலியாக இருந்தது. அதன் மேல் கிடந்த பிரதியில் கடைசி வரி அடிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

அவள் மரக்கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தாள். இடி ஓசை சற்று ஓயும்வரை பொறுத்திருந்தாள். பிறகு, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னாள்:

“வெளியில தாழ்ப்பாளப் போட்டது நான்தான்.”