பெட்டைப் புறாவுக்கு வந்த விலை

இப்போதெல்லாம் ஒருத்தனும் முகத்தைப் பார்த்து விலை சொல்வதில்லை. வழிதப்பிய புறா அடுத்தவன் மாடியில் இறங்கினால், நேரில் போய் டீ வாங்கிக் கொடுத்து மீட்டு வருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் பக்கத்துத் தெரு எத்திராஜ், தன் மாடியில் இறங்கிய என் பெட்டைப் புறாவைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆன்லைனில் ஏலம் விட்டான். வீட்டில் அதன் ஜோடி நான்கு நாளாய் இரை எடுக்கவில்லை. அதனால் நானும் போனில் ஏலம் கேட்டேன். நான் கேட்கும்போதெல்லாம் பேரில்லாத எவனோ ஏற்றினான்; முடிய ஐந்து வினாடி இருக்கையில் எனக்கு மேல் கேட்டு ஜெயித்தும்விட்டான்.

மறுநாளே எத்திராஜ் கூப்பிட்டான். அவன் மாடிக்குப் போனேன்.

"ஜெயிச்ச பார்ட்டி வேணாம்னுட்டாரு நைனா. நீ கேட்ட ரேட்டுக்கே எடுத்துக்கோ."

"யாருடா அந்தப் பார்ட்டி?"

"நெட்டுல வர்றவன் மூஞ்சி யாருக்கு நைனா தெரியும்? கடைசி நிமிசத்துல ஏத்துறது எல்லாரும் பண்றதுதான்."

"மூஞ்சி இல்லாதவன், வேணாம்னு மட்டும் எந்த வாயால சொன்னான்?"

எத்திராஜ் சிறகு கட்டிய புறாவை எடுத்து என் கையில் வைத்தான். அதன் நெஞ்சு என் விரலில் இடித்தது. திரும்பக் கூண்டுக்குள் விட்டு, கொக்கியை நானே மாட்டினேன்.

"ஜெயிச்சவன் எங்கயும் போகல, இந்த மாடியிலதான் இருக்கான். அவனுக்கே குடு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.