தேதி திருத்தி

"நாலு வருஷமா கம்ப்யூட்டர் படிக்கிறே. போட்டோவுல தேதி தப்பாயிருந்தா சரியாக்கத் தெரியாதா?" என்றார் சித்தப்பா.

சித்தப்பா லிஃப்ட் சோதனை அதிகாரி. மாதாமாதம் லிஃப்டைச் சோதித்து, அதன் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது அவர் உத்தியோகம். பென்டிரைவில் ஜனவரி முதல் டிசம்பர் வரை பெயரிட்டுப் பன்னிரண்டு படங்கள் வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் நேற்றைய தேதி.

"நேத்து காப்பி பண்ணீங்களா? அந்தத் தேதி விழுந்திருக்கும்."

"அதேதான்! மேலிடம் தேதியைப் பார்த்துத்தான் புரமோஷன் போடும். இன்னிக்கே அனுப்பணும், சீக்கிரம்!"

கேமரா கிளிக் ஆன நேரம் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். அதை எடுத்து ஃபைலுக்குத் தேதியாகப் போட முப்பது வரியில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். சித்தப்பா பட்டனை அழுத்தினார். திறந்துகூடப் பார்க்காமல் மேலிடத்துக்கு அனுப்பினார்.

"இவ்வளவுதானா? இதுக்குப் போய் நாலு வருஷம்!" என்று என்னை ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

மறுநாள் கையில் சஸ்பெண்ட் ஆர்டரோடு வந்து நின்றார்.

"பாவி! என்னடா பண்ணித் தொலைச்சே?"

வாங்கிப் படித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஜனவரி பிறந்திருந்தது. மாதத்துக்கு ஒரு சட்டையாக மாற்றி, பதினொன்றுக்குள் டிசம்பரையும் முடித்திருந்தார் சித்தப்பா.

"தேதி இப்ப சரியாத்தானே இருக்கு, சித்தப்பா?"

"அடப்பாவி, சரிக்கட்டத் தெரியாம சரிபண்ணி வச்சிருக்கியேடா!"