இருபது நிமிஷ தூரம்

“வேண்டாம் சார்” என்றாள் இன்ஜினியரின் மனைவி.

கன்ட்ரோல் ரூம் அதிகாரிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

“என்னம்மா சொல்றீங்க? வீட்டுக்காரரோட பத்து நிமிஷம் நேரடியா போன்ல பேசலாம்ங்கறேன். வேண்டாங்கறீங்க!”

“ஆமா சார். அது வந்து…”

“புரியாம பேசறீங்க. நான் சொல்றதைக் கேளுங்க.”

சொன்னார். அதில் அவளுக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை.

ஊருக்கு வெளியே, கல்லும் புழுதியுமான பொட்டலில் வட்டமாக ஒரு வீடு. உள்ளே ஆறு பேர், அவள் கணவரையும் சேர்த்து. செவ்வாய் கிரகத்தில் குடியிருப்பதாக வைத்துக்கொண்டு எட்டு மாதம் அதற்குள்ளேயே வாழ்ந்து காட்ட வேண்டும். வாசலைத் தாண்டினால் விண்வெளி உடுப்பு மாட்ட வேண்டும். குளியல் வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் அரை வாளி. சாப்பாடு என்றால் வெந்நீரில் கரைக்கிற பொடி, உள்ளேயே வளர்க்கிற கொஞ்சம் கீரை.

இங்கே பேசுவது அங்கே இருபது நிமிஷம் கழித்துத்தான் கேட்கும். நிஜச் செவ்வாய்க்குக் குரல் போய்ச் சேர அவ்வளவு நேரம் ஆகலாமாம். பதில் வர இன்னொரு இருபது நிமிஷம். வண்டியில் போனால் பத்து நிமிஷத்தில் அந்த வீட்டு வாசலில் இறங்கிவிடலாம் என்பது வேறு விஷயம். இந்தத் தாமதத்தால் குடும்பத்தார் பேச நினைப்பதையெல்லாம் பதிவு செய்து அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள்.

“அந்த இருபது நிமிஷத்தை உங்களுக்காக எடுத்துடறோம்மா. ஒரே ஒரு தடவை. போன வாரம் அங்க காத்தைச் சுத்தம் பண்ற மெஷின் நின்னு போச்சு. யார்கிட்டயும் உதவி கேக்காம அவங்களே சரி பண்ணிட்டாங்க. அதுக்கான பரிசு இது. ஆறு பேர்ல ஒருத்தருக்குத்தான். மத்த அஞ்சு பேரும் உங்க வீட்டுக்காரருக்கு விட்டுக் குடுத்திருக்காங்க!”

“நல்ல மனசு சார் அவங்களுக்கு. ஆனா நான்…”

“இருங்க. அவங்க என்ன சொல்றாங்கன்னு நீங்களே கேளுங்க.”

ஆபரேட்டர் பெண் பட்டனைத் தட்டினாள். அணித் தலைவி பதிவு செய்து அனுப்பியிருந்த குரல் சிரிப்போடு வந்தது.

“இன்ஜினியருக்கு எக்சர்சைஸ் பண்ணும்போதும் பொண்டாட்டி புராணம், கீரைக்குத் தண்ணி விடும்போதும் பொண்டாட்டி புராணம். சாப்பாட்டு நேரத்தைப் பத்தி சொல்லவே வேண்டாம். முடியல சார். அந்த அம்மாவோட பத்து நிமிஷம் பேச விடுங்க. எங்க காதாவது பிழைக்கட்டும்!”

பின்னால் மற்றவர்கள் கை தட்டுவது கேட்டது.

“கேட்டீங்களா? இந்தத் தலைவிக்கு வீட்ல ரெண்டு சின்னப் பிள்ளைங்க. அதுங்க குரலைக் கேக்கற வாய்ப்பை உங்களுக்காக விட்டிருக்காங்க. நீங்க என்னடான்னா, நோகாம வேண்டாங்கறீங்க.”

“அதைத்தான் சார் நானும்…”

இவ்வளவு கல்நெஞ்சமா என்று அதிகாரிக்கு ஆத்திரமே வந்துவிட்டது. பிறகு ஏதோ தோன்ற, குரலைத் தணித்துக்கொண்டார்.

“உங்களுக்குள்ள ஏதாவது மனஸ்தாபமா?”

“ஐயையோ, அதெல்லாம் இல்ல சார். தங்கமான மனுஷன். விஷயம் என்னன்னா…”

“பின்ன என்ன, க்ளினிக்ல கூட்டமா?” அவள் பல் டாக்டர்.

“இல்ல சார்…”

“அழுதுடுவோம்னு பயமா? அழுதாத்தான் என்ன? பொம்பளைங்களே இப்படித்தாம்மா. எங்க வீட்லயும் இதே கதை. மனசுல இருக்கறதைச் சொல்லவே மாட்டா…”

“சார்” என்றாள் ஆபரேட்டர் பெண். “அவங்க வந்ததுலேருந்து ஒரு பேச்சைக்கூட முடிக்கலை.”

அதிகாரியின் வாய் திறந்தபடியே நின்றது. பல் டாக்டர் சொல்லாமலே அவர் அதை மெல்ல மூடிக்கொண்டார்.

அவள் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள்.

“எங்கப்பா தனியா இருக்கார் சார். அவரை எங்களோட கூட்டிட்டு வந்துடலாமான்னு ரெண்டு வருஷமா இவர்கிட்ட கேக்கப் பாக்கறேன். ‘அப்பா’ன்னு வாயெடுத்தாலே, ‘புரியுது, புரியுது, நல்ல ஆளா வேலைக்கு வச்சுடலாம்’னு முடிச்சுடுவார். பாசமாத்தான் சொல்வார். ஆனா நான் கேக்க வந்தது அது இல்லையே.”

இந்த முறை யாரும் குறுக்கே பேசவில்லை.

“இப்ப அவரால அப்படி முடிக்க முடியலை. நான் எல்லாத்தையும் சொல்லி அனுப்பினப்புறம்தான் அவர் காதுக்கே போகுது. அப்பாவைப் பத்திப் போன வாரம் கால் மணி நேரம் பேசி அனுப்பினேன். என்ன பதில் வந்தது தெரியுமா? ‘மாமாவுக்கு ராத்திரி தனியா படுக்க பயம்னு எனக்குத் தெரியாதே. இத்தனை நாளா நீ ஏன் சொல்லலை?’ன்னு கேக்கறார்!”

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

“அந்தப் பத்து நிமிஷத்தைத் தலைவியம்மாவோட பிள்ளைங்களுக்குக் குடுங்க சார். குழந்தைங்க குறுக்க குறுக்க பேசினாத்தான் அழகு. நான் இன்னும் பாதிதான் சொல்லியிருக்கேன். மீதியையும் அவர் செவ்வாய்ல இருக்கும்போதே சொல்லி முடிச்சுடறேனே!”