மீனுக்கு மட்டும்

நாலாவது மீனும் செத்து மிதந்தது.

சரோஜினிதேவி பழைய தேத்தண்ணி வடியால் அதை அள்ளி எடுத்தாள். வாங்கி ஆறு நாள்கூட ஆகவில்லை. வருத்தக்கார மீன்களைத் தலையில் கட்டிவிட்டான் படுபாவி.

வெள்ளவத்தையில் மீன் கடை வைத்திருக்கும் ஹெக்டரை இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று போனை எடுத்தாள்.

அவன் சொன்னதில் எதையாவது விட்டாளா? மீனைப் பையோடு தொட்டித் தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்க விட்டாள். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முழுக்க வாளியில் வைத்து, மருந்து மணம் போன பிறகே ஊற்றினாள். தீனியைக் கிள்ளித்தான் போட்டாள். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட இவ்வளவு பார்த்ததில்லை.

உப்பு மட்டும் கணவரின் பொறுப்பு. புது மீனென்றால் தண்ணீரில் கல்லுப்புப் போட வேண்டும், நோய் வருத்தம் அண்டாது என்று ஹெக்டர் சொல்லியிருந்தான். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் இரண்டு கரண்டி. அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சிவபாதசுந்தரம் தானாகவே முன்வந்தார்.

அந்த உப்பை வீட்டுக்குள் எடுக்கவே அவள் ஒரு கிழமை யோசித்தாள். அவருக்குப் பிரஷர். சிறுநீரகமும் களைத்துவிட்டது, உப்பை அடியோடு நிறுத்துங்கள் என்று டொக்டர் சொல்லி எட்டு மாதம். அன்றைக்கே குசினி உப்புப் போத்தலை மேல்மாடி வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அவருக்கு ஒரு சட்டி, தனக்கு ஒரு சட்டி என்று சமைக்க மனம் வரவில்லை. அவளும் உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறாள்.

அதனால் மீன் உப்பை வேறு போத்தலில் போட்டு, 'மீனுக்கு மட்டும்' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் முதல் மீன் வந்ததிலிருந்து மனிசன் அடங்கிவிட்டார். அதற்கு முன் சாப்பாட்டு நேரம் வந்தாலே சண்டைதான். இதையெல்லாம் மனிசன் தின்பானா என்று தட்டைத் தள்ளிவிடுவார். இப்போது தானே சோற்றைப் போட்டுக்கொண்டு, மீனுக்குத் துணையாகத் தொட்டிப் பக்கத்துக் கதிரையில் போய் இருக்கிறார். இருந்ததும் ரசம் கேட்பார். அவள் குசினிக்குப் போய்ச் சூடாக்கி எடுத்து வருவதற்குள் பாதித் தட்டு காலியாகியிருக்கும்.

மீன் செத்தால் சாகட்டும், வாங்கிக்கொண்டே இருக்கலாம் என்று அவளுக்கே தோன்றியதுண்டு.

அவருடைய கால் வீக்கம்தான் குறையவில்லை. போன கிளினிக்கில் டொக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, வீட்டில் உப்புச் சேர்க்கிறீர்களா என்று கேட்டார். அவளுக்கு வந்தது பாருங்கள் கோபம். என் குசினியில் ஒரு கல் உப்புக் கிடையாது என்று சத்தம் போட்டுவிட்டு வந்தாள். இப்படியே போனால் மெஷினில் போட்டுத்தான் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டிவரும் என்றார் டொக்டர். அடுத்த கிளினிக் நாளைக்கு.

அவள் ஏசி முடிக்கும்வரை ஹெக்டர் போனில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“உப்பு போட்ட தண்ணின்னா லேசா கரிக்கும் அன்ட்டி. விரல விட்டு நாக்குல வச்சுப் பாருங்க, பொறகு எனக்கு ஏசுங்க.”

மீன் தண்ணீரை நக்கிப் பார்க்கச் சொல்கிறான், எவ்வளவு துணிச்சல்! ஆனாலும் விரலை விட்டாள். எட்டு மாதமாக உப்புப் படாத நாக்கு. ஒரு துளி உப்பு இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

பச்சைத் தண்ணீர்.

இன்னொரு தரம் விரலை விட்டாள். அதே பச்சைத் தண்ணீர்தான்.

மெல்லப் போனை வைத்துவிட்டு உப்புப் போத்தலைத் தூக்கிப் பார்த்தாள். போன கிழமைதான் புது உப்புப் பை உடைத்து நிரப்பினாள். அடியில் இரண்டு விரல் அளவுக்குக் கிடந்தது.

பின்னால் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. சிவபாதசுந்தரம் சோற்றுத் தட்டோடு வந்து உட்கார்ந்தார். வீங்கிய காலில் செருப்பு வார் புதைந்துபோய் இருந்தது.

“சரோ, கொஞ்சம் ரசம் கொண்டு வாருமன்.”

எட்டு மாதமாய் அவள் வாயைக் கட்டியது யாருக்காக? அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது.

அவள் குசினிக்குப் போகவில்லை. இன்னொரு கதிரையை இழுத்து அவருக்கு நேரெதிரே போட்டு, உப்புப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

அவர் போத்தலைப் பார்த்தார். பிறகு குனிந்து சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.