மீசை இல்லாத முகம்

“இவரை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்று டீச்சர் கேட்டார்.

பெரியவர் எதிரில் உட்கார்ந்திருந்த இளைஞனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தெரியாது” என்றார். இளைஞன் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தான்.

“நல்லதாப் போச்சு. தெரிஞ்சவங்க முகத்தை யாரும் ஒழுங்காப் பாக்கறதில்ல.” டீச்சர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

தையல் கடைக்கு மேல்மாடியில் ஞாயிறு காலைகளில் நடக்கும் ஓவிய வகுப்பு அது. வரையத் தெரியாத பெரியவர்களுக்கு மட்டும். ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, ஒருவர் முகத்தை மற்றவர் வரைய வேண்டும். கண் எதிரில் இருப்பவரின் முகத்தை விட்டு நகரக் கூடாது. குனிந்து தாளைப் பார்க்கக் கூடாது. ரப்பரை வாசலிலேயே ஒரு டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். “எனக்கு வராது” என்று யாராவது ஆரம்பித்தால் டீச்சர் காதைப் பொத்திக்கொள்வார்.

அதனால் எல்லாருக்கும் வெட்கம் சீக்கிரமே விட்டுப்போயிருந்தது. பல் டாக்டரம்மா வரைந்தால் பல் மட்டும் அதனதன் இடத்தில் இருக்கும். பஸ் டிரைவர் வரைந்தால் இரண்டு காதும் பக்கக் கண்ணாடி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

சிரிக்காதவர்கள் இந்த இரண்டு பேர்தான். ஆளுக்கொரு மூலையில் உட்கார்வார்கள், ஆனால் ஒரு வகுப்பையும் தவறவிட்டதில்லை. வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை, அதனால் வந்தேன் என்று பெரியவர் முதல் நாள் சொன்னதோடு சரி. இளைஞன் அதுவும் சொல்லவில்லை. கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று டீச்சர் இன்று தானாகவே இருவரையும் ஜோடி சேர்த்துவிட்டார்.

இளைஞனை அனுப்பியது அவன் அக்கா. மனைவி இறந்துபோனதிலிருந்து அவன் வீட்டுப் படியேறுகிறவள் அவள் ஒருத்திதான். “கிறுக்கிட்டாவது வாடா” என்று பேர் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

அக்காவிடம் அவன் சொல்லாத ஒன்று இருந்தது. மனைவியின் முகம் அவனுக்கு மறந்துகொண்டே வந்தது. போட்டோக்கள் இருந்தன. அதெல்லாம் போட்டோவுக்காகச் சிரித்த முகம். காலையில் எழுப்பினால் பாதித் தூக்கத்தில் அவனை முறைப்பாளே, அந்த முகம் எதிலும் இல்லை. கண்ணை மூடித் தேடினால் அந்த இடம் காலியாக இருந்தது.

அதன் பிறகு யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க அவனால் முடியவில்லை. இந்த வகுப்பிலும் எல்லாரையும் கழுத்துக்குக் கீழேதான் வரைந்திருந்தான். பொத்தான்கள் நன்றாக வந்திருப்பதாக டீச்சர் பாராட்டினார்.

இன்றும் காலரில்தான் தொடங்கினான். வெளிச்சத்துப் பக்கம் கொஞ்சம் திரும்பச் சொல்லி டீச்சர் பெரியவரிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அவர் அசையவில்லை.

“அந்தக் காது கேக்காது. வலது பக்கமா வந்து சொல்லுங்க” என்றான் இளைஞன், காலரைப் பார்த்தபடியே.

டீச்சர் அப்படியே செய்தார். பெரியவர் திரும்பினார். ஜன்னல் வெயில் அவர் முகத்தில் விழுந்தது. எதற்கு என்னைத் தொந்தரவு செய்கிறீர்கள் என்பதுபோல் இளைஞனை முறைத்தார்.

அவன் நிமிர்ந்துவிட்டான்.

பென்சில் காலரை விட்டு மேலே ஏறியது. இடது புருவம் வலதைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. மூக்கின் நடுவில் சின்ன மேடு. கீழுதடு கோபத்தில் ஒரு பக்கமாக இறுகியிருந்தது. சரியா தப்பா என்று அவன் யோசிக்கவில்லை. கை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கண்ணில் நீர் கட்டியது. துடைத்தால் பார்வை நகர்ந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டான்.

பெரியவரின் தாளில் ஒரு புள்ளிக்கு மேல் எதுவும் இல்லை.

டீச்சர் கை தட்டினார். இளைஞன் குனிந்து தன் தாளைப் பார்த்தான். உடனே அதைக் கவிழ்த்து வைத்தான்.

பஸ் டிரைவர் விடுவாரா? எட்டி எடுத்து எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். “என்ன தம்பி, பெரியவர் மீசைய எங்க காணோம்? வழுக்கையில வேற இவ்வளவு முடி முளைச்சிருக்கு.”

அறையே சிரித்தது. ஆனால் மூக்கு அச்சு அசல் அவர்தான் என்று பல் டாக்டரம்மா விட்டுக்கொடுக்காமல் பேசினார். இங்கே தப்பு என்று எதுவும் கிடையாது என்று டீச்சர் வழக்கம்போல் சொன்னார்.

தாளைத் திருப்பித் தரச் சொல்லி இளைஞன் கை நீட்டினான். அதற்குள் பெரியவர் எழுந்து வந்து டிரைவர் கையிலிருந்து அதை வாங்கிவிட்டார். கிழித்துப் போடப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

அவர் ஜன்னலோரம் போய் முதுகைக் காட்டி நின்றார். ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். கீழே தையல் மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

மனசில் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம், விளையாட்டுக்கு வரைந்ததுதான் என்று டீச்சர் தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தார். பெரியவர் தாளை மடிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, இளைஞனுக்கு முன்னால் நின்றார்.

“அவ அம்மாவும் ஒரு தடவ பாக்கட்டும். வீட்டுக்கு வாங்க, மாப்பிள்ளை.”